காப்பார் கரையில் வெட்டிய கயிறு

நான் வாளி இஞ்சினை வேகமாக ஓட்டியவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வாளி மண் போட்டாய் என்று கேட்டவர்களிடம், என் இஞ்சின் பழுதாகி நின்ற நாள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள் என்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு நான் ஒருபோதும் தயங்கியதில்லை.

கித்தா என்கிற ரப்பரின் விலை சரிவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. மலாய் நாட்டில் காப்பாருக்கு மேற்கே கடலோரச் சதுப்பில் மண்கரை போட்டு, உப்புத்தண்ணீரை வெளியே நிறுத்துகிற வேலை நடந்தது. கரைக்கு உள்பக்கம் தென்னையும் பாக்கும் காப்பியும் வைத்திருந்த ஜாவாக்காரர்கள், காய்கறிப் பாத்தி போட்டிருந்த சீனர்கள். வெட்டுகிற வாய்க்காலிலிருந்து எடுக்கும் மண்தான் பக்கத்தில் கரையாக உயரும். அந்த மண்ணை எடுப்பதற்கு ஒரு நீராவி இஞ்சின் கொண்டுவந்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும். உள்ளே பாய்லர். முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் நீண்ட இரும்புக் கை. கையின் நுனிச் சக்கரத்தில் ஏறி இறங்கும் கம்பிக் கயிற்றில் ஒரு வாளி தொங்கும். ஒரு மாட்டுவண்டிச் சுமை மண்ணை அந்த வாளி ஒரே வாயில் எடுக்கும். இன்னொரு கயிறு வாளியைச் சேற்றின் மேல் இஞ்சினை நோக்கி இழுக்கும். தூக்குவதும், சுற்றிக் கரையின் மேல் கொட்டுவதும், திரும்பி வருவதும் என் கையில் இருந்த நான்கு பிடிகளில் அடங்கியிருந்தன.

அதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கிக்கொண்டு, தண்டவாளத்துக்கு ஜல்லி எடுக்கும் குழியில் நெருப்புப் போடும் வேலை பார்த்தேன். அங்கேயும் நீராவி இஞ்சின்தான். ஆனால் எனக்கு நெருப்பு வேலை பாதி, சுமக்கிற வேலை பாதி. ஓட்டுபவர் பாறை என்றும் பார்க்க மாட்டார், மண் என்றும் பார்க்க மாட்டார், ஒரே இடி. பல்சக்கரம் உடையும். உடைந்ததை நாலு பேர் மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி, குழியிலிருந்து ரயில் நிற்கும் இடம் வரை கொண்டுபோக வேண்டும். புதியது வந்தால் அதையும் அப்படியே கொண்டுவர வேண்டும். இயந்திரத்தில் எது எவ்வளவு கனம் என்பதை என் தோள்தான் முதலில் கற்றது. ஒரு பிடியை ஒருவர் அவசரமாகத் தள்ளினால் யாருக்கு என்ன செலவு என்பதும் அங்கேதான் விளங்கியது.

காப்பாரில் பிடி என் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது தண்ணீரை. சதுப்புத் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் உப்பு. அதைப் பாய்லரில் விட்டால் நுரைக்கும், உள்ளே உப்பு ஓடு மாதிரிக் கட்டும், குழாய் அரிக்கும். அதனால் கூலிகள் குடியிருந்த லயத்தின் தகரக் கூரையிலிருந்து தகர ஓடை வைத்து மழைத்தண்ணீரை இரும்புத் தொட்டியில் பிடித்தேன். போதாததற்குப் படகில் நல்ல தண்ணீர் வரும். நெருப்புப் போட்டவர் என்னைவிட மூத்த ஒரு ஜாவாக்காரர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு பீப்பாயையும் அவர் ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்ப்பார், நான் ஒரு முறை பார்ப்பேன். இரண்டு பேரும் தலையாட்டினால்தான் பாய்லருக்குள் போகும்.

மண் எடுப்பதிலும் அப்படித்தான். வாளியை ஆழமாகக் குத்தி ஒரேயடியாக நிரப்பினால் கயிறு முனகும், இஞ்சின் முன்பக்கம் தலை குனியும். நான் பழத்தோல் சீவுகிற மாதிரி மெல்லிசாக இழுத்து நிரப்புவேன். வாளியின் பற்கள் மழுங்க ஆரம்பித்தால் உடனே மாற்றிவிடுவேன். மழுங்கிய பல்லுக்கு விறகு அதிகம் வேண்டும், கயிறும் அதிகம் தேயும். தினமும் காலையில் ஜாவாக்காரர் நெருப்பை மூட்டுகிற நேரத்தில் கயிறு முழுக்க நானே கிரீஸ் பூசுவேன். கயிறு கறுப்பாக, பளபளவென்று இருக்கும். பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

கரை மேல் நான் கொட்டுகிற மண்ணை மண்வெட்டியால் பரப்பி, மரக்கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்த ஒரு கூட்டம் இருந்தது. ஆண்கள் கொஞ்சம், பெண்கள் அதிகம். என் மனைவியும் அதில் ஒருத்தி. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேலை இடத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மத்தியானம் மட்டும் இஞ்சின் நிழலில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம்.

ஒரு மத்தியானம் அவள் சோற்றுத் தூக்கைத் திறப்பதற்கு முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். விரல் நகம் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு.

"இது உங்க இஞ்சின்ல இருந்து விழுந்ததா பாருங்க."

"எங்க கிடைச்சுது?"

"கால்ல," என்று பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். "எனக்கு மட்டுமில்ல. நேத்து இன்னொருத்திக்கும் குத்துச்சு. முள்ளுன்னு நெனைச்சு பிடுங்கிப் போட்டுட்டா."

துண்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி வெள்ளி மாதிரி மின்னியது. முனை ஒடிந்திருந்தது, வெட்டுப்பட்டதல்ல. கயிற்றின் புரிகளில் இருக்கும் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்து, வாளி அவர்கள் தலைக்கு மேல் ஆடும்போது உதிர்ந்திருக்கின்றன.

நான் அதற்கு மேல் சாப்பிடவில்லை. மண்ணெண்ணெய் டின்னையும் பஞ்சுக் கழிவையும் எடுத்துக்கொண்டு, கயிற்றைத் தளர்த்திக் கீழே இறக்கித் துடைக்க ஆரம்பித்தேன். வாளிப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. தினமும் நான் பார்க்கிற இடம் அது. அங்கிருந்து மேலே, இரும்புக் கையின் நுனிச் சக்கரத்தில் எப்போதும் உராய்கிற பகுதிக்கு வந்ததும் பஞ்சு சிக்கியது. இழுத்தேன், கிழிந்தது. இரண்டு அடி தள்ளி இன்னொரு இடத்தில் சிக்கியது. அதற்கு அடுத்தும் சிக்கியது. அறுந்த கம்பிகள் முள்ளம்பன்றி மயிர் மாதிரி நின்றன.

இதை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தேய்மானத்தைக் கிரீஸ் பூசிப் பூசி மூடி வைத்தவன் நானேதான். பூசுவதற்கு முன்னால் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வேலை இடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஓவர்சியர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடுப்பில் ஒரு சொட்டுச் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர், நியாயம் பேசுகிறவர். அவரை அழைத்துவந்து காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார்.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது," என்றார். "புதுக் கயிற்றுக்கு நான் போன மாதமே எழுதிப்போட்டன். சிங்கப்பூரில இருந்து கப்பலில வரவேணும். வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில இறங்கி, பிறகு இங்க வரவேணும். இன்னும் ரெண்டு கிழமையெண்டாலும் செல்லும்."

"அந்த ரெண்டு வாரமும் வாளிக்குக் கீழ ஆள் நிக்கக்கூடாதுங்க ஐயா."

"ஆக்கள் நிக்காட்டி மண்ணை ஆர் பரவுறது? ஒன்பது நாளில பௌர்ணமி. அந்தக் கடற்பெருக்குக்கு முன்னம் கரையில விட்டிருக்கிற வாயை அடைக்க வேணும். அடைக்காட்டி உள்ளுக்கு இருக்கிற தோட்டமெல்லாம் உப்பில போயிடும்."

அவர் சொன்னதும் உண்மைதான். கரையில் ஓர் இடத்தைத் தண்ணீர் வடிவதற்காகத் திறந்தே வைத்திருந்தோம். மற்ற இடமெல்லாம் முடிந்து, அந்த வாய் மட்டும்தான் பாக்கி.

"அப்படின்னா கெட்டுப்போன பாகத்தை வெட்டிட்டு, மிச்சத்த வச்சு ஓட்டுறேன்," என்றேன்.

"வெட்டினால் கயிறு கட்டையாகும். வாளியைத் தூரத்துக்கு விட ஏலாது. நாளைக்குப் பத்து மணிக்குத் துரை வாறார். அவரைக் கேட்டுச் செய்வம்."

"காலையில ஆறு மணிக்கு வேலை தொடங்கணுமே ஐயா. பத்து மணி வரைக்கும்?"

"தொடங்கத்தான் வேணும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் விடிந்ததும் வாளியைத் தரையில் இறக்கி வைத்தேன். வெட்டுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். கட்டாமல் வெட்டினால் புரி பிரிந்து மிச்சக் கயிறும் வீணாகிவிடும். அடியில் ஒரு தண்டவாளத் துண்டு. ஜாவாக்காரர் உளியைக் குறட்டால் பிடித்துக்கொண்டார், நான் சுத்தியலை ஓங்கினேன். வாளி முனையிலிருந்து கெட்ட பாகம் முடிகிற வரை நாற்பது அடி கயிறு தனியாக வந்து சேற்றில் விழுந்தது. மண்வெட்டிகளோடு வந்த பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். மிச்சக் கயிற்றின் நுனியை வாளிக்கு மேலிருந்த இரும்புக் கிண்ணத்தில் மடித்து விட்டு ஆப்பு அடித்து இறுக்கியபோது ஏழு மணி ஆகியிருந்தது.

துரை பத்து மணிக்குச் சொன்னபடி வந்தார். வேலை முழுவதையும் நடத்திய வெள்ளைக்காரர்; உயரமான, அமைதியான மனிதர். எங்களோடு மலாயில் பேசுவார்; நாங்களும் மலாய் வழக்கப்படி அவரைத் துவான் என்போம். சேற்றில் கிடந்த துண்டைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"யார் வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலை, துவான். நான்தான் வெட்டினேன்."

"இயந்திரத்தைப் பார்த்து ஓட்டுகிறவன் என்று உன்னைப் பற்றிச் சொன்னார்கள். நாற்பது அடிக் கயிற்றை ஒரே காலையில் வீணாக்கியிருக்கிறாய். இந்தக் கயிறு யாருடையது?"

"உங்களுடையது, துவான். கீழே நிற்கிறது எங்க ஆளுங்க."

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் என் மனைவி யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"பௌர்ணமிக்குள் வாய் அடைபட்டால் நீ வேலையில் இரு," என்றார். "இல்லையென்றால் கிள்ளான் அலுவலகத்தில் வந்து கணக்கை முடித்துக்கொள்." வெட்டிய துண்டைச் சுருட்டித் தன் மோட்டார் காரில் ஏற்றச் சொன்னார். கிள்ளான் பட்டறையில் பிரித்துப் பார்ப்பதற்காக.

அடுத்த எட்டு நாளும் ஓட்டியதுதான் என் வாழ்க்கையில் நான் ஓட்டிய மிக நல்ல ஓட்டு என்றே இன்றும் நினைக்கிறேன். கயிறு குறைந்ததால் முன்னே எட்டிய தூரம் இப்போது எட்டாது. இஞ்சினையே சேற்றின் விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் கனத்துக்குச் சும்மா போனால் புதைந்துவிடும். பக்காவ் என்கிற சதுப்பு மரங்களை வெட்டிக் குறுக்கே அடுக்கி, அதன் மேல் கனத்த பலகைப் படுக்கைகளைப் போட்டு, அந்தப் படுக்கையின் மேல் ஆமை மாதிரி நகர்ந்தோம். பின்னால் காலியான படுக்கையைச் சங்கிலி மாட்டி வாளியாலேயே தூக்கி முன்னால் வைப்பேன். ஒவ்வொரு நகர்வுக்கும் அரைமணி நேரம் போயிற்று.

வாளி வரும்போதெல்லாம் கீழே நிற்பவர்களை ஒதுங்கச் சொன்னதால் முதல் நாள் பாதி வேலைதான் நடந்தது. ஓவர்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் திரும்பி நடக்கும்போது மனைவி சொன்னாள்.

"ஒவ்வொரு வாளிக்கும் நாங்க ஓடி ஒதுங்குறோம், திரும்பி வரோம். ஓடுறதுலயே பாதி நேரம் போகுது. நீங்க பத்து வாளிய இந்தப் பக்கமே போடுங்க. நாங்க அந்தப் பக்கம் பரப்புறோம். முடிஞ்சதும் ஒரு விசில் ஊதுங்க, பக்கம் மாத்திக்குவோம்."

"அந்தப் பக்கம் மண் குவிஞ்சு கிடக்குமே. பரப்ப உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"தலைக்கு மேல வாளி இல்லைன்னா எங்களுக்குக் கை வேகமா ஓடும்," என்றாள்.

மறுநாள் காலையில் ஓவர்சியரிடம் அவளே போய்ச் சொன்னாள். "செய்து பாப்பம்," என்றார் அவர். அன்று மாலைக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முழு நீளக் கயிறோடு நாங்கள் போட்டதைவிட அதிகம் குறையாமல் கரை நீண்டிருந்தது. நான் வாளியைக் கொட்டுவதற்கு முன்னால் கீழே யாராவது நிற்கிறார்களா என்று தயங்க வேண்டியதில்லை. தயக்கம் இல்லாதபோது பிடியில் வெட்டும் குலுக்கலும் இல்லை. நீராவியும் குறைவாகச் செலவாயிற்று. ஜாவாக்காரர் மீந்த விறகைக் காட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

பௌர்ணமியன்று சாயங்காலம் கடல் ஏறத் தொடங்கியபோது வாய் முக்கால்வாசிக்கு மேல் அடைபட்டிருந்தது. நடுவில் பத்துப் பன்னிரண்டு ஆள் கை கோத்து நின்றால் நிரம்புகிற அகலத்துக்குக் கரை இன்னும் ஒரு முழம் தாழ்வாக இருந்தது. ஆண்கள் அங்கே பக்காவ் முளைகளை அடித்து, மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கினார்கள். நான் பக்கத்திலிருந்து மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முதலில் சேற்றில் நண்டு வளைகள் மறைந்தன. அப்புறம் சேறே மறைந்தது.

"வாளியை நிரப்பி எடும்," என்று ஓவர்சியர் கீழேயிருந்து கத்தினார். "இன்னும் நிரப்பும்."

நான் நிரப்பவில்லை. எப்போதும் எடுக்கிற அளவுதான் எடுத்தேன். ஆனாலும் ஈரம் ஏறியதால் ஒரு பக்கப் படுக்கை மெல்ல அமுங்கியது. பாய்லரின் தண்ணீர்க் கண்ணாடியில் மட்டம் சாய்ந்து தெரிந்தது. வாளியை உடனே தரையில் இறக்கி, அதன் மேல் இரும்புக் கையின் பாரத்தைச் சற்றுத் தாங்கவைத்து, இஞ்சினை ஒரு படுக்கை தூரம் பின்னால் எடுத்தேன். அதற்குப் பத்து நிமிஷம் போனது. அந்தப் பத்து நிமிஷத்தில் சாக்குகளுக்கு மேல் கடல் வழிய ஆரம்பித்தது. ஓவர்சியர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

திரும்பவும் நிலையாக நின்ற பிறகு ஏழு வாளி போட்டேன். எட்டாவது வாளிக்குத் தண்ணீர் வழிவது நின்றது. சூரியன் கடலில் இறங்கி, தோட்டங்களின் மேல் நிலா வந்தபோது கரை நின்றது, நாங்களும் நின்றோம். பெண்கள் இடுப்பளவு சேற்றோடு கரை மேல் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி எழுந்து என் பக்கம் கையை ஒரு முறை உயர்த்திக் காட்டினாள். நான் விசிலை ஊதினேன்.

வழிந்த தண்ணீர் சும்மா போகவில்லை. கரையை ஒட்டி இருந்த ஒரு சீனரின் காய்கறிப் பாத்தி இரண்டில் உப்பு இறங்கிவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தேன். கீரை வெந்தது மாதிரி சாய்ந்து கிடந்தது. மேல் மண்ணைச் சுரண்டி எடுத்து நல்ல தண்ணீர் விட நானும் ஜாவாக்காரரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உதவினோம். அந்தச் சீனர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் காப்பாரை விட்டுப் போகும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இஞ்சின் சாய்ந்து கவிழ்ந்திருந்தால் அவர் தோட்டம் முழுவதும் போயிருக்கும் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் உப்பு ஏறியது அவருடைய பாத்தியில்தானே.

இரண்டு நாள் கழித்துத் துரை வந்தார். காரிலிருந்து அந்த நாற்பது அடியையும் இறக்கினார்கள். புரி புரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இஞ்சினின் படிக்கட்டில் உட்கார்ந்து, என்னையும் கிட்டே வரச் சொன்னார்.

"பார். இந்த இடத்திலும் இந்த இடத்திலும் உள்ளே துரு. இங்கே நீ சொன்னது சரி. ஆனால் மற்ற பாகமெல்லாம் இன்னும் ஒரு மாதம் தாராளமாக ஓடியிருக்கும். நீ வெட்டியதில் கால்வாசி போதும்."

"எந்தக் கால்வாசின்னு வெளியில இருந்து தெரியலை, துவான்."

அவர் பிரித்த புரிகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஓவர்சியரைப் பார்த்து, வாரம் ஒருமுறை கயிற்றை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்த பிறகே கிரீஸ் பூச வேண்டும் என்றும், இரும்புக் கையின் நுனி வரை ஏற ஓர் ஏணி செய்து தர வேண்டும் என்றும் சொன்னார். ஓவர்சியர் எழுதிக்கொண்டார். துடைத்துப் பார்க்கிற யோசனை என்னுடைய தவறிலிருந்து வந்தது என்று நான் சொல்லிவிட்டேன். துரை "தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

புதுக் கயிறு அதற்கு அடுத்த வாரம் வந்தது. அதைப் போட்டதும் முதல் நாள் முழுக்க அரை வாளி மண்தான் எடுத்தேன். புதுக் கயிறு உருளையில் படிந்து, புரிகள் ஒன்றோடொன்று இணங்கி உட்காருவதற்கு அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும். ஓவர்சியர் அன்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வருஷக் கடைசியில் காப்பார் வேலை முடிந்து, இஞ்சினைக் கழற்றித் தொங்கான் படகில் ஏற்றி பந்திங் பக்கம் கொண்டுபோனார்கள். துரை என் பெயரைச் சொல்லிக் கேட்டு அனுப்பியிருந்தார். ஓவர்சியர் லயத்துக்கே வந்து சொன்னார். என்னிடம் சொல்லிவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பெண்கள் கூட்டத்துக்கு மண்டோராக நீரும் வாரும், பிள்ளை. துரையிட்ட நான் சொல்லிப்போட்டன்."

"மண்டோர்னா எனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

"ஆக்கள் எங்க நிக்க வேணும், எங்க நிக்கக்கூடாது எண்டு நீர் சொல்ல வேணும். இஞ்சின்காரரும் அதுக்குப் பணிஞ்சுதான் ஓட்டவேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன். பந்திங்கில் மேலே ஒரு ஆள் ஆழத்துக்குக் கறுத்த இளமண், அதற்குக் கீழே நீலக் களி. முதல் வாரம் முழுவதும் களி வாளியைவிட்டு விழாமல் ஒட்டிக்கொண்டது. வாளியின் உள்பக்கத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, ஒவ்வொரு காலையும் பழைய எண்ணெய் தடவினோம். எட்டாவது நாள் களி ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது. கரையின் மறுபக்கத்திலிருந்து, அடுத்த வாளி போடலாம் என்று அவள் கை காட்டினாள்.